வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு கையெழுத்தா? (குற்றாலம் டைம்ஷேர்)

பாளை பழையவன்
நேற்று நம் டைம்ஷேர் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மகராசன் எழுதியிருந்தார்: "நீட்டிப்பு வேண்டாம் என்கிற தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு அருவிக்குக் குளிக்கப் போங்கள். யோசிக்க ஒன்றுமில்லை." அதைப் படித்ததில் ராத்திரித் தூக்கம் போச்சு. யோசிக்க ஒன்றுமில்லையாம்!

புதிதாக வருகிறவர்களுக்குக் கதை இதுதான். 2001-ல் 25 வருஷத்துக்கு, வருஷம் ஒரு வாரம் ரிசார்ட்டில் தங்கும் உரிமையை (அதுதான் டைம்ஷேர்) குற்றாலத்தில் வாங்கினோம். வருகிற மார்ச்சோடு முடிகிறது. ரிசார்ட்டிலிருந்து இரண்டு தாள் வந்திருக்கிறது. இன்னும் 10 வருஷம் வேண்டுமென்றால் 1,80,000 ரூபாய் கட்டு என்கிறது முதல் தாள். வேண்டாமென்றால் கையெழுத்துப் போடு என்கிறது இரண்டாவது. நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்வதற்குப் பத்திரமா எழுதிக் கொடுக்கிறோம்?

அந்த இரண்டாவது தாளில் மூன்றாம் பத்தியைப் படியுங்கள். "உறுப்பினர் தம் சொந்த விருப்பத்தின்பேரில் நீட்டிப்பை மறுப்பதோடு, எல்லாப் பாத்தியதைகளும் இத்துடன் தீர்ந்ததாக ஒப்புக்கொள்கிறார்." எல்லாப் பாத்தியதைகளும்! அப்படியானால் அன்றைக்குக் கட்டிய 15,000 ரூபாய் டெபாசிட்? மஞ்சள் ரசீது என் பீரோவில் இருக்கிறது, 'திரும்பத் தரத்தக்கது' என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தியது. நான் போட மாட்டேன்.

ரதவீதிக்காரர்
அந்த மகராசன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம் அண்ணாச்சி, ஒளித்து வைத்து எதற்கு.

மூன்றாம் பத்தியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவர், கூட வந்த கடிதத்தின் கடைசி வரியைப் படித்தீரா? 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் நீட்டிப்புக்குச் சம்மதம் என்று கருதப்படுமாம். போன வருஷம் மெயின்டனன்ஸ் 14,000. அதன் தலையில் 18 சதவீத ஜிஎஸ்டி 2,520. ஆக 16,520. ஏப்ரலில் மறுபடி பில் வரும். அப்புறம் நிலுவை, நிலுவைக்கு வட்டி. உம்முடைய 15,000-ஐக் காப்பாற்றப் போய் வருஷா வருஷம் 16,520 அழுவீரா? நான் கையெழுத்துப் போட்டுத் தலைமுழுகிவிட்டேன்.

பேட்டைத் தம்பி
ஒரு சந்தேகம். உங்கள் வாரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து வாங்கியதா, இல்லை வெறும் உபயோக உரிமையா? பத்திரம் என்றால் அந்தப் பங்கு உங்கள் சொத்து. 25 வருஷத்தில் முடியும் என்ற பேச்சுக்கே வேறு பதில். உபயோக உரிமை என்றால் தவணை முடிந்ததும் தானாக முடியும். 2001 ஒப்பந்தத்தில் நீட்டிப்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா?

பாளை பழையவன்
தம்பி, அதெல்லாம் பிறகு. முதலில் மூன்றாம் பத்திக்கு வருவோம்.

ரதவீதியாருக்கு: மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கப் போன வீட்டில் சரி. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் அப்படி இல்லை. ஒருவன் கடிதம் போட்டு, நீ பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்றால், அவனுக்குப் பதில் சொல்லாமல் இருந்ததாலேயே நான் கட்டுப்பட மாட்டேன். வங்கியில் கடன் பிரிவில் 34 வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். எத்தனை பேர் "சும்மா ஒரு கையெழுத்துதானே சார்" என்று ஜாமீன் போட்டுவிட்டு, பிறகு என் மேசைக்கு முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள் தெரியுமா?

அதே சட்டத்தில் 63-ஆவது பிரிவையும் பாரும். வரவேண்டியதை வேண்டாம் என்று நீரே விட்டுக்கொடுத்தால் அது செல்லும்; அதற்குப் பதிலாக ஒரு பைசா வாங்கியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அந்த மூன்றாம் பத்தி அதற்குத்தான். எல்லாப் பாத்தியதைகளும்!

மஸ்கட் மருமகன்
எனக்கு இது மாமனார் கொடுத்த சீர். 27-ம் வாரம், ஜூலை, நல்ல சாரல் என்று சொல்லித்தான் கொடுத்தார். பத்திரத்தைப் பிரித்தால் 8-ம் வாரம். பிப்ரவரி. ஒரு தடவை லீவு போட்டு வந்தேன், பேரருவியில் பாறையைத்தான் பார்த்தேன், கூட நாலு குரங்கு. முதல் ஆளாகப் போட்டுவிட்டேன் கையெழுத்து. டெபாசிட்டாவது மண்ணாவது.

பாளை பழையவன்
மஸ்கட்டில் இருந்துகொண்டு 15,000-ஐ மண் என்று சொல்லலாம். அதை அன்றைக்கு 7 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டிருந்தால் இன்றைக்கு 81,000-க்கு மேல். பென்ஷன்காரனுக்கு அது மண் இல்லை.

தென்காசித் தென்றல்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தலைப்பில் பிழை இல்லை, ஆனால் அந்த வாட்ஸ்அப் குழுவுக்கு "நெல்லை மாவட்ட டைம்ஷேர் உரிமையாளர்கள்" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். 2019 நவம்பர் 22-லிருந்து தென்காசி தனி மாவட்டம். குற்றாலம் எங்கள் மாவட்டம். இதை எத்தனை தடவை சொல்வது?

ரதவீதிக்காரர்
அருவி உங்களுடையதாகவே இருக்கட்டும் வே. பில் எங்களுக்குத்தானே வருகிறது.

தென்காசித் தென்றல்
கிண்டல் வேண்டாம். கேஸ் போட்டால் எந்த மாவட்டம் என்பது முக்கியம்.

பாளை பழையவன்
முக்கியமே இல்லை. 2019 நுகர்வோர் சட்டம், 34-ஆவது பிரிவு. 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன், திருநெல்வேலியில் போடுவேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் ஒன்று, மூன்றாம் பத்தியில் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே போனால், "எல்லாம் தீர்ந்தது என்று நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்" என்று எதிர்க்கட்சி வக்கீல் முதல் வாய்தாவிலேயே அந்தத் தாளை நீட்டுவார்.

பேட்டைத் தம்பி
இது நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இல்லை, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். மதுரையில் அதன் கிளை இருக்கிறது. டெபாசிட்டைத் தரவில்லை, சேவைக் குறைபாடு என்றால் மாவட்டமே போதும். எப்படியும் 2 வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் மறுபடியும் கேட்கிறேன், பத்திரமா, உபயோக உரிமையா?

பாளை பழையவன்
தம்பிக்குச் சட்டம் தெரிந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் மூன்றாம் பத்தியைத் தாண்டினால்தானே அங்கெல்லாம் போக முடியும்?

அம்பை ஆச்சி
என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வாரம் என் வீட்டுக்காரர் பெயரில். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. தாளில் அவர் பெயருக்கு நேரே பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருக்கிறார்கள், அங்கே கையெழுத்து வேண்டுமாம். யார் போடுவது? போனில் கேட்டால் "நாமினி நீங்கள்தானே, போடுங்கள்" என்கிறான் அந்தப் பையன்.

பாளை பழையவன்
போடாதீர்கள் ஆச்சி. நாமினி வேறு, வாரிசு வேறு. உங்கள் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறது. தாலுகா ஆபீசில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ் நகலை அனுப்பி, உறுப்பினர் காலமாகிவிட்டார் என்று எழுதுங்கள். அவர் பெயருக்கு நேரே நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது வேறு வம்பு. இதற்குத்தான் சொல்கிறேன், அந்த மூன்றாம் பத்தி...

அம்பை ஆச்சி
சரி, அவர்கள் அனுப்பிய தாளே எதற்கு? நாமே வெள்ளைத் தாளில் "நீட்டிப்பு வேண்டாம், மார்ச்சோடு கணக்கை முடித்து டெபாசிட்டை அனுப்பவும்" என்று இரண்டு வரி எழுதிப் பதிவுத் தபாலில் போட்டால் என்ன? 30 நாள் பதிலும் ஆச்சு, பாத்தியதையும் போகவில்லை.

பாளை பழையவன்
அதைத்தானே முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரதவீதிக்காரர்
எங்கே சொன்னீர்? மேலே ஏறிப் படித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட மாட்டேன், பதிலும் போட மாட்டேன், மௌனம், பெண் பார்க்கப் போன வீடு, அது இது என்றுதான் இருக்கிறது. ஆச்சி சொன்னதும் உம்முடையதாகிவிட்டதா? இதே மாதிரிதான் பத்து வருஷத்துக்கு முன்னால் ஜெனரேட்டர் விஷயத்தில் மேனேஜரிடம் பேசியது நான், மாலை வாங்கிக்கொண்டது நீர்.

பாளை பழையவன்
மாலை இல்லை. சால்வை.

தென்காசித் தென்றல்
பதிவுத் தபால் இப்போது தனியாகக் கிடையாது ஆச்சி. 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஒப்புகை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். தென்காசித் தபால் ஆபீசில் நன்றாகவே கவனிக்கிறார்கள்.

மஸ்கட் மருமகன்
மூன்றாம் பத்தியைப் பேனாவால் அடித்துவிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போட்டால் ஆகாதா? நான் போட்டாகிவிட்டது, சும்மா கேட்கிறேன்.

பாளை பழையவன்
ஆகும், ஆகாது. ஒரு வார்த்தையை மாற்றினாலும் அது அவர்களுடைய தாள் இல்லை, நம்முடைய எதிர்யோசனை. அவர்கள் ஏற்றுக்கொண்டு பதில் எழுதினால்தான் உண்டு. அடித்த இடத்தில் சின்னக் கையெழுத்து, தேதி, நகல் கையில். ஆனால் எதற்கு அந்த வேலை? மூன்றாம் பத்தி இல்லாத தாளாக அவர்கள் அனுப்பட்டும். எல்லாப் பாத்தியதைகளும் என்ற இடத்தில் "டெபாசிட் நீங்கலாக" என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் நாளைக்கே போடுகிறேன்.

ரதவீதிக்காரர்
பாத்தியதை என்றால் வாரத்தின்மேல் உள்ள பாத்தியதை. தங்குகிற உரிமை. டெபாசிட் அதில் வராது. இதைச் சின்னப் பிள்ளை சொல்லும்.

பாளை பழையவன்
"எல்லா" என்று இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் "எல்லா" என்றால் தெரியும்.

ரதவீதிக்காரர்
வாரத்தின்மேல் உள்ள எல்லா.

பாளை பழையவன்
"வாரத்தின்மேல் உள்ள" என்று எந்த வரியில் இருக்கிறது? காட்டும்.

பேட்டைத் தம்பி
வாரம் என்றால் என்ன என்பதே ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் விளக்கமாக இருக்கும். மூன்றாம் தடவையாகக் கேட்கிறேன். யாரிடமாவது 2001 ஒப்பந்தம் இருக்கிறதா? இல்லையென்றால் நான் தூங்கப் போகிறேன்.

மஸ்கட் மருமகன்
மாமனாரிடம் இருக்கும். கேட்டால் 8-ம் வாரம் பேச்சு மறுபடி வரும். நான் கேட்க மாட்டேன்.

பாளை பழையவன்
என் ஒப்பந்தம் எங்கே என்று ரதவீதியாரைக் கேளுங்கள். 27-ம் வாரத்தை அவருக்கு மாற்றிக் கொடுத்தபோது ரிசார்ட்டில் காட்ட வேண்டும் என்று கவரோடு வாங்கிப் போனவர். ஆனிச் சாரல் முழுக்க நனைந்துவிட்டு, திரும்பி வரும்போது ரம்புட்டான் ஒரு பை கொண்டுவந்து தந்தார். ஒப்பந்தம் வரவில்லை. அது போதாதென்று அறையிலிருந்த குக்கரின் வெயிட்டைக் காணோம் என்று என் பெயரில் 250 ரூபாய் பில் போட்டார்கள். இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

ரதவீதிக்காரர்
கவரை உம் வீட்டுத் திண்ணையில் வைத்து உம் மருமகளிடம் சொல்லிவிட்டு வந்தேன். குக்கருக்கு நாங்கள் போனபோதே வெயிட் கிடையாது. பார்டர் கடைப் பரோட்டா வாங்கித்தான் மூன்று வேளையும் சாப்பிட்டோம், அங்கே அடுப்பே பற்ற வைக்கவில்லை.

பாளை பழையவன்
அடுப்புப் பற்ற வைக்காதவருக்கு குக்கரில் வெயிட் இல்லை என்று எப்படித் தெரிந்தது?

அம்பை ஆச்சி
நான் வெள்ளைத் தாளில் எழுதி முடித்துவிட்டேன். "காலமான" என்று போடுவதா, "அமரர்" என்று போடுவதா?

தென்காசித் தென்றல்
முகவரியில் தென்காசி மாவட்டம் என்று போடுங்கள் ஆச்சி.

ரதவீதிக்காரர்
வெயிட் மேசை டிராயரில் இருந்தது என்று ரூம் பையனே சொன்னான். 250-ஐ மேனேஜரிடம் போய்க் கேளும்.

பாளை பழையவன்
கேட்பேன். அதற்கும் பாத்தியதை வேண்டும். அதனால்தான் மூன்றாம் பத்தி.