டாக்டருக்கு போன் செய்யத் தயங்கும் புது நர்ஸ்கள்: எப்படிப் பழக்குவது?

வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். ஜூனில் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ்கள் ஊசி, டிரிப், சார்ட் எதிலும் குறை வைப்பதில்லை. ஆனால் ராத்திரி டியூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டுமென்றால் "நீ பேசு, நீ பேசு" என்று ரிசீவரைத் தள்ளிவிடுகிறார்கள். பேசினாலும் "சார், பேஷண்டுக்கு ஒரு மாதிரி இருக்கு" என்பதோடு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் குரல் உயர்ந்தால் பிபி, ஆக்சிஜன் சாச்சுரேஷன் எல்லாம் மறந்துபோகிறது.

நோயாளியின் நிலையை டாக்டரிடம் நான்கு படிகளில் சொல்லும் எஸ்பார் (SBAR) முறையை அட்டையில் எழுதி போன் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன்: இப்போதைய நிலை, பின்னணி, நம் கணிப்பு, நமக்கு என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. முதல் இரண்டும் இப்போது ஓரளவு வருகிறது. கணிப்பு என்றதும் வாய் அடைத்துவிடுகிறது. டாக்டருக்கே நாம் சொல்வதா என்ற பயம். மதியம் நானே டாக்டராக நடித்துப் பயிற்சி கொடுத்தேன். என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார்கள்! போனில் சொன்ன மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது மட்டும் நன்றாகப் பழகிவிட்டது.

நிர்வாகத்திடம் கேட்டதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வைத்தார்கள். இங்கே டாக்டர்களுடன் பேசுவதே தமிழில்தான். டாக்டர்களோ, அனுபவம் வந்தால் சரியாகும் என்கிறார்கள். நோயாளி அதுவரை காத்திருக்க முடியாதே.

"எனக்கு இப்படித் தோன்றுகிறது, வந்து பாருங்கள் டாக்டர்" என்று புதியவர்களைத் தயங்காமல் சொல்ல வைக்க, உங்கள் வார்டில் உண்மையில் பலன் தந்த பயிற்சி எது?