பைப் எல்லாம் மூடியிருக்க நல்ல தண்ணிப் பம்பு தானாக ஓடுகிறது, சுவிச் மாற்றியும் சரிவரவில்லை

வாழைச்சேனை போட்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் போட் 42 அடி, வாழைச்சேனைத் துறைமுகத்தில் நிற்கிறது. ஐந்து பேர் போவோம், போனால் இருபது நாளுக்குக் குறையாது. நல்ல தண்ணிக்கு ஐஸ் அறைக்குப் பின்னால் 1,000 லீட்டர் பைபர் தாங்கி. ஒரு 12 வோல்ட் டயபிரம் பம்பு அதிலிருந்து இழுத்துக் குசினிக்கும், பின்பக்கத்தில் உப்புக் கழுவுகிற பைப்புக்கும் தருகிறது. குழாயில் அழுத்தம் 25 பிஎஸ்ஐக்கு இறங்கினால் தொடங்கும், 40க்கு ஏறினால் நிற்கும் என்று லேபலில் இருக்கிறது.

பிரச்சினை இதுதான். இரவில் வலையைப் போட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டுப் படுத்தால், ஒரு பைப்பும் திறக்காமலே பம்பு 'டுர்' என்று ஒரு உதறு உதறி நிற்கும். அரைச் செக்கன்கூட இல்லை. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பவும் 'டுர்'. என் தலைமாட்டுப் பலகைக்குக் கீழேதான் பம்பு. முதல் இரண்டு நாள் எலி என்று நினைத்தேன்.

கரைக்கு வந்து கடையில் சொன்னேன். பிரஷர் சுவிச் போய்விட்டது என்று புதிது ஒன்று தந்தார்கள், 4,800 ரூபா. பூட்டிய அன்றிரவே அதே 'டுர்'. கோபத்தில் சுவிச்சின் தலையில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை வலப்பக்கம் ஒன்றரைச் சுற்றுத் திருகினேன். இப்போது பைப்பை மூடினாலும் பம்பு நிற்கமாட்டேன் என்கிறது. மோட்டரில் கை வைக்க முடியாத சூடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன தடவை பதினாறாம் நாளே தாங்கியின் அடி தெரிந்துவிட்டது. கச்சான் என்கிற சூட்டுக் காற்று அடிக்கிற காலம், ஆரோ களவாக நல்ல தண்ணியில் குளிக்கிறார்கள் என்று இருக்கிறதிலேயே சின்னப் பொடியனை ஏசிவிட்டேன். அவன் குளிக்கவில்லை என்றுதான் சொன்னான்.

அடுத்த கிழமை திரும்பப் போக வேண்டும். பம்பையே மாற்றுவதா?

தூக்கம் முக்கியம்:

மச்சான், படுக்கும்போது பம்பின் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுப் படு. செலவில்லாத வைத்தியம்.

சாய்ந்தமருது வைண்டிங்:

தம்பி, பம்பை மாற்றாதீர்கள். கடைக்காரர் சொன்னதும் பிழை. எனக்கு மோட்டர் வைண்டிங் பட்டறை, போட்டிலும் ஒரு பங்கு இருக்கிறது. ஒலுவில் துறைமுக வாயை மண் மூடியதிலிருந்து எங்கள் போட்டும் வாழைச்சேனையில்தான் நிற்கிறது, அதனால் உங்கள் போட்டையும் பார்த்திருப்பேன்.

முதலில் அந்த ஸ்க்ரூவைத் திருப்பி விடுங்கள், அதே ஒன்றரைச் சுற்று இடப்பக்கம். வலப்பக்கம் திருகத் திருக, நிற்கிற அழுத்தம் கூடும். 40இல் நிற்க வேண்டியதை 50இல் நில் என்றால் பம்பு அங்கே போய்ச் சேர மாட்டாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அது சுவிச்சின் குற்றமில்லை, நீங்கள் கேட்டதைத்தான் அது செய்கிறது. இப்படியே விட்டால் ஒன்று மோட்டர் கருகும், இல்லாவிட்டால் ஒரு குழாய் கழன்று தாங்கித் தண்ணி முழுக்க போட்டுக்குள் வரும்.

இனி அந்த 'டுர்'. சுவிச்சுக்குள்ளே இருப்பது ஒரு சின்ன ரப்பர் தோல், ஒரு ஸ்பிரிங், கரண்ட் தொடுகிற இரண்டு பொயிண்ட். அழுத்தம் இறங்கினால் பொயிண்ட் ஒட்டும், ஏறினால் விலகும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒட்டுகிறது என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழுத்தம் உண்மையாகவே இறங்குகிறது. அழுத்தம் இறங்க இரண்டே வழி. பம்புக்குள் இருக்கும் வால்வு இறுக்கமாக மூடாமல் தண்ணி திரும்பத் தாங்கிக்கே போகலாம். இல்லாவிட்டால் பம்புக்கு அங்கால் எங்கேயோ ஒழுகலாம். முதலாவதில் தண்ணி குறையாது, தூக்கம் மட்டும்தான் குறையும். உங்களுக்குத் தண்ணியும் குறைந்திருக்கிறது.

கணக்கும் ஒத்துப்போகிறது. ஒரு உதறலுக்கு 50 மில்லி என்று வையுங்கள். மணிக்கு 12 தடவை, 600 மில்லி. ஒரு நாளைக்கு 14 லீட்டருக்கு மேல். பதினாறு நாளில் 230 லீட்டர். ஆளுக்கு நாளைக்கு 10 லீட்டர் என்று ஐந்து பேர் பாவித்தால் பதினாறு நாளில் 800. இரண்டையும் கூட்டினால் உங்கள் தாங்கி. அந்தப் பொடியன் பாவம்.

ஆனாலும் கணக்கை நம்பிக் குழாயைக் கிளற வேண்டாம், பார்த்துவிட்டுக் கிளறுங்கள். பம்பிலிருந்து தண்ணி வெளியே போகிற வாயில், கையால் திறந்து மூடுகிற அரை இஞ்சி வால்வு ஒன்றை ஒரு சாண் தூரத்தில் பூட்டுங்கள். பம்பை ஓடவிட்டு, அது நின்றதும் வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் தேத்தண்ணி குடியுங்கள். அப்போதும் உதறினால் பிழை பம்புக்குள் இருக்கும் வால்வில், அதற்குத் தனியாக ரப்பர் கிட் கிடைக்கும். சத்தமே இல்லாவிட்டால் பம்பு நல்லது, ஒழுக்கு வால்வுக்கு அங்கால்.

பழைய சுவிச்சை எறிந்துவிட்டீர்களா? எறியாவிட்டால் மூடியைக் கழற்றிப் பொயிண்டைப் பாருங்கள். கரி பிடித்துக் குழி விழுந்திருந்தால்தான் அது போனது.

பாசிக்குடா கண்ணாடிப் போட்:

வைண்டிங் காக்கா (அண்ணன்) சொன்னது சரி. நான் ஒரு விஷயம் சேர்க்கிறேன், ஏனென்றால் இதே சூட்டில் ஒரு மோட்டரைப் பறிகொடுத்தவன் நான்.

ஸ்க்ரூவைத் திருப்பிய பிறகும் பம்பு நிற்கச் சுணங்கினால் வோல்டைப் பாருங்கள். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது, பம்பின் வயரிலேயே மீட்டரை வைக்க வேண்டும். பெட்டரியில் வைத்துப் பார்த்து 12.6 இருக்கிறது, எல்லாம் சரி என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை. வோல்ட் குறைந்தால் மோட்டர் களைத்து, 40ஐத் தொட முடியாமல் முக்கிக்கொண்டே நிற்கும்.

எனக்கு அங்கே 10.5தான் இருந்தது. வீட்டுக்கு இழுக்கிற 1.5 வயரைப் போட்டிருந்தார்கள். பம்பு 7 அம்பியர் இழுக்கிறது, போக வர 12 மீட்டர் என்றால் வயரிலேயே ஒரு வோல்ட் போய்விடும். மிச்சத்தை எர்த் மூட்டில் இருந்த பச்சைக் களிம்பு சாப்பிட்டது. 4ஆம் நம்பர் வயர் (4 சதுர மில்லிமீட்டர்) போட்டேன், இழப்பு 0.4 வோல்டுக்குக் கீழே வந்தது. கிடைத்தால் வெள்ளீயம் பூசிய வயர் வாங்குங்கள். வெறும் செம்பு கடல் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும்.

தாங்கிப் பக்கத்துக் குழாயையும் ஒருக்காப் பாருங்கள். அந்தப் பக்கம் கிளிப் இளகினால் தண்ணி ஒழுகாமலே காற்றை உள்ளே இழுக்கலாம். பைப்பில் தண்ணி துப்பித் துப்பி வந்தால் அதுதான். வடிகட்டியில் பாசி அடைத்திருந்தாலும் மோட்டர் முக்கும்.

வாழைச்சேனை போட்காரன்:

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. நேற்றும் இன்றும் இதே வேலைதான்.

ஸ்க்ரூவைத் திருப்பினேன். வால்வு பூட்டி, மூடிவிட்டு, தேத்தண்ணி மட்டுமல்ல சோறும் சாப்பிட்டேன். ஒரு சத்தம் இல்லை. வால்வைத் திறந்து ஆறு நிமிடம், 'டுர்'. அப்போதே பாதிச் சந்தோசம்.

ஆனால் ஒழுக்கைக் கண்டுபிடிக்க அரை நாள் போனது. குசினிப் பக்கம் எல்லாம் கடதாசி சுற்றிப் பார்த்தேன், காய்ந்தே கிடந்தது. பின்பக்கப் பைப்புக்குப் போகிற குழாய் ஐஸ் அறைச் சுவரோடு ஒட்டிப் போகிறது. எஞ்சின் அதிர்கிற அதிர்வில் எல்போ (குழாய் வளைகிற மூட்டு) ஒன்று சுவரில் உரசி உரசி, முடி அளவு கீறல். சொட்டுவதுகூட இல்லை, வியர்த்த மாதிரிச் சுவர் வழியே இறங்கி அடியில் போய்ச் சேருகிறது. ஐஸ் அறைச் சுவர் எப்போதும் வியர்த்துத்தானே இருக்கும், அதனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பில்லை. ஐஸ் அறையில் அப்போது ஐஸும் இல்லை, சுவர் வியர்க்க வழியில்லை.

அடியில் சேர்ந்த தண்ணியை ஏன் காணவில்லை என்று ஓட்டி கேட்டான். புரொப்பெல்லர் தண்டு வெளியே போகிற இடத்து அடைப்பில் (ஷாஃப்ட் பக்கிங்) கடல் தண்ணி எப்படியும் கொஞ்சம் வரும், ஆட்டோ பம்பு அதை அவ்வப்போது வெளியே தள்ளும். எங்கள் நல்ல தண்ணியையும் சேர்த்து அது கடலில் கொட்டியிருக்கிறது! ஒரு பம்பு இழுத்துத் தர, இன்னொரு பம்பு எடுத்து ஊற்ற, நடுவில் பெட்டரி இரண்டுக்கும் கரண்ட் கொடுத்திருக்கிறது.

எல்போவை மாற்றி, சுவரில் படுகிற இடத்தில் பழைய டயர் டியூப் வெட்டிச் சுற்றிக் கட்டினேன். வோல்ட் பார்த்தேன், ஓடும்போது 11.1. எர்த் முனையைச் சுரண்டி, வயர் முனைக்குப் புது லக் (உலோகக் காது) அடித்து, கிரீஸ் பூசியதும் 11.7. வயர் இந்தத் தடவை கிடக்கட்டும், கையில் காசில்லை.

பழைய சுவிச்சின் பொயிண்ட் வெள்ளி மாதிரி மினுங்குகிறது. 4,800 ரூபாவுக்குப் பாடம்.

சாய்ந்தமருது வைண்டிங்:

வீணில்லை தம்பி. பழையதைப் பம்பில் பூட்டிவிட்டுப் புதியதை உலர்ந்த டப்பாவில் போட்டு வையுங்கள். இருபது நாள் கடலில் கடை கிடையாது. நடுக்கடலில் சுவிச் போனால் அதன் இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்தால் பம்பு ஓடும். ஆனால் பைப் திறந்திருக்கும்போது மட்டும், கையில் பிடித்தபடி மட்டும். முறுக்கிக் கட்டிவிட்டுப் போய்ப் படுத்தால் குழாய் கழன்றுவிடும்.

பாசிக்குடா கண்ணாடிப் போட்:

காசு வந்ததும் வயரோடு ஒரு சின்ன அழுத்தத் தாங்கியும் போடுங்கள். உள்ளே காற்றுப் பை இருக்கும், கார் டயர் மாதிரியே வால்வு. தண்ணி இல்லாமல், பைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு 23 பிஎஸ்ஐ காற்று அடிக்க வேண்டும், பம்பு தொடங்குகிற அழுத்தத்துக்கு 2 குறைவாக. ஒரு கோப்பை கழுவுவதற்கெல்லாம் பம்பு எழும்பாது. ஆனால் ஒன்று, ஒழுக்கு இருந்தாலும் அது உங்களுக்கு நெடுநேரம் சொல்லாது.

தூக்கம் முக்கியம்:

நான் சொன்னபடி சுவிச்சை நிறுத்தியிருந்தாலும் இரவில் தண்ணி மிஞ்சியிருக்கும், கவனியுங்கள்.

வாழைச்சேனை போட்காரன்:

உண்மைதான் மச்சான், பகலில் போயிருக்கும். இனி இரவில் நிறுத்தியும் வைக்கிறேன்.

பொடியனிடம் எல்போவைக் கொண்டுபோய்க் காட்டினேன். கீறலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப அந்த 230 லீட்டரும் என்ர கணக்கில்தான் இருக்கு அண்ணன், இந்தத் தடவை குளிச்சுக் கழிக்கட்டுமா?" என்று கேட்கிறான்.