குச்சியால் தரையில் பெயரை எழுதினால் என்ன ஆகும்? (எழுத்து எரிந்துபோன உலகம், உதவி தேவை)

நாலாம்பகடை:

நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டத்துக்காக (ஆர்.பி.ஜி.) ஆறு மாதமாக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஓர் உலகம் கட்டினேன். கதையை நடத்துகிறவன் நான். மூன்றே செஷனில், அதாவது மூன்றே முறை கூடி ஆடியதில், அது ஆட்டம் கண்டுவிட்டது. எங்கே இடிகிறது என்று தெரிகிறது. எப்படி முட்டுக்கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த உலகத்தில் மந்திரம் முழுக்க எழுத்தில்தான் இருந்தது. கதவில் எழுதினால் பூட்டிக்கொள்ளும். பாலத்தின் அடியில் எழுதியிருந்ததால்தான் பாலம் நின்றது. அணை, கப்பல், வைத்தியம் எல்லாமே அப்படித்தான். ஒரு நாள் விடியற்காலையில் உலகத்திலிருந்த அத்தனை எழுத்தும் ஒரே நேரத்தில் தீப்பிடித்தது. நூலகங்கள், ஊர்ப்பலகைகள், கல்லறைகள், தோளில் பெயரைப் பச்சை குத்தியிருந்தவர்கள்கூட மிஞ்சவில்லை. அந்த நாளுக்குப் பெயர் 'எழுத்தெரி'. அதற்கு 120 ஆண்டு கழித்து நம் கதை ஆரம்பிக்கிறது.

இதற்கு 43 பக்கத்தில் ஒரு பி.டி.எஃப். எழுதினேன். மூன்று அரச வம்சம், இரண்டு போர், மந்திரப் பள்ளிகளின் சண்டை எல்லாம் அதில் இருக்கிறது. ஐந்து ஆட்டக்காரர்களில் ஒருவர் மட்டும் திறந்தார், அவரும் ஆறாம் பக்கத்தோடு சரி. மேசையில் என்ன நடக்கிறது என்றால் சத்திரத்தில் வேலை கேட்கிறார்கள், குகைக்குப் போகிறார்கள், பூதத்தை அடிக்கிறார்கள். இடிந்த வீடுகள் கூடுதலாக இருக்கிற வழக்கமான சாகசம், அவ்வளவுதான்.

மூன்றாவது செஷனில் ஒருவர் கேட்டார்: "ஒரு குச்சியை எடுத்து தரையில் என் பெயரை எழுதுகிறேன். என்ன ஆகும்?" நான் யோசித்தே வைக்கவில்லை. "உங்களுக்குப் பயமாக இருக்கும், எழுத மாட்டீர்கள்" என்றேன். "பயமில்லை, எழுதுகிறேன்" என்றார். கடைசியில் "திடீரென்று மழை பிடித்துக்கொண்டது" என்று சொல்லித் தப்பித்தேன். மேசை முழுக்கச் சிரிப்பு.

அழிவுக்குப் பிந்தைய உலகம் என்பதை ஆட்டக்காரர்கள் உணர என்ன செய்யலாம்? விதிநூலை மாற்றாமல் செய்ய முடிந்தால் நல்லது.

டி20 தாத்தா:

எழுத்தே இல்லாத உலகத்தைப் புரியவைக்க 43 பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதை முதலில் எரித்துவிடுங்கள். தலைப்புக்கும் பொருத்தம்.

வம்சத்தையும் போரையும் விடுங்கள். உங்கள் உலகத்தின் மொத்த உயிரும் அந்தக் குச்சிக் கேள்வியில்தான் இருந்தது. மழையை வரவழைத்து அதை அணைத்துவிட்டீர்கள். இன்றைக்கு எழுதினால் எரியுமா, எரியாதா? முடிவு செய்தே ஆக வேண்டும். எரியாது என்றால் 120 ஆண்டில் யாராவது மறுபடி எழுத ஆரம்பித்திருப்பார்கள், உங்கள் உலகம் பாதி ஆறிப்போன புண். எரியும் என்றால்தான் சுவாரசியம்.

நானாக இருந்தால் இப்படி வைப்பேன். ஓர் எழுத்து மட்டும் எழுதினால் பொறி பறக்கும். ஒரு சொல்லுக்குச் சுடர். ஒரு வாக்கியத்துக்கு வீடு போகும். இதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடந்து பாருங்கள். அடுப்பு எப்படி மூட்டுவார்கள்? சுள்ளியின் மேல் கரித்துண்டால் 'அ' என்று இழுப்பார்கள். குழந்தைகூட இழுக்கும். ஆனால் அது ஓர் எழுத்து, அதற்கு ஓர் ஒலி உண்டு என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அதற்குப் பெயர் தீக்கோடு, அவ்வளவுதான். இரண்டாவது எழுத்து தெரிந்தவரை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பார்கள். ஒரு முழுச் சொல் தெரிந்தவரைச் சிற்றரசர்கள் சங்கிலியில் கட்டி வளர்ப்பார்கள். படைக்கலம் ஆயிற்றே. இப்போது உங்கள் ஆட்டக்காரருக்கு வாசிக்கக் கற்றுக்கொள்ள ஆசை வந்தால் அதுவே ஒரு கேம்பெயின், பல செஷனுக்கு நீளும் தொடர்கதை.

இதே மாதிரி ஆட்டமான டன்ஜன்ஸ் & டிராகன்ஸுக்காக 1991-இல் வந்த டார்க் சன் உலகத்தைப் பாருங்கள். அங்கே உலோகம் அரிது, அதனால் வாள் எலும்பிலோ கல்லிலோதான் இருக்கும், காசுகூடச் சுட்ட மண்ணில்தான். மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடிகொடி கருகும். வரலாற்றுப் பக்கத்தை ஒருவரும் திறக்காவிட்டாலும் சண்டைக்குச் சண்டை அந்த வறட்சி கையில் படும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

கல்வெட்டுக்கிளி:

தாத்தா சொன்னதை வழிமொழிகிறேன். எழுத்தெல்லாம் எரிந்தது என்றீர்களே, களிமண்ணில் எழுதியிருந்தது என்ன ஆகியிருக்கும்?

கிரேக்கத்தில் மைசீனிய அரண்மனைகள் கி.மு. 1200-ஐ ஒட்டி அழிந்தபோது 'லீனியர் பி' என்ற எழுத்துமுறையும் கூடவே போயிற்று. கிரேக்கர்கள் மறுபடி எழுத ஆரம்பிக்கச் சில நூற்றாண்டு பிடித்தது. அந்த எழுத்தைப் பதித்த பலகைகள் சுடாத பச்சைக் களிமண். அவற்றை யாரும் காலத்துக்கும் நிற்க வேண்டும் என்று செய்யவில்லை. அரண்மனைகளை அழித்த தீதான் அவற்றைச் சுட்டு இறுக்கி நமக்குக் கொடுத்தது. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அதைப் படித்துக் காட்டியபோது உள்ளே இருந்தது காவியம் இல்லை. ஆடு எத்தனை, கம்பளி எவ்வளவு, எண்ணெய் யாருக்கு. சுத்தமான கிட்டங்கிக் கணக்கு!

உங்கள் உலகத்திலும் அப்படியே வையுங்கள். காவியமும் மந்திரமும் சாம்பல். சுட்ட ஓட்டில் ஒட்டிக்கொண்ட கணக்கு மட்டும் மிச்சம், ஏற்கெனவே எரிந்ததால் மறுபடி எரியாது. உங்கள் ஆட்டக்காரர்கள் உயிரைக் கொடுத்து ஒரு பாழடைந்த கோட்டைக்குள் இறங்கி, உலகத்தின் கடைசி வாசகத்தைக் கண்டெடுத்தால், அது 'கம்பளி பதினாறு கட்டு, பாக்கி இரண்டு' என்று இருக்க வேண்டும். அதைப் புனித நூலாக வைத்துக் கும்பிடுகிற ஒரு கூட்டம் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்த இரண்டு கட்டு பாக்கியைத் தலைமுறை தலைமுறையாக யாரிடமோ வசூலிக்க அலைபவர்கள்.

இன்னொன்று. எழுத்தில்லாமல் ஆபத்தை எப்படிச் சொல்வது என்பது நிஜத்திலேயே மண்டையை உடைத்த கேள்வி. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் அணுக்கழிவைப் புதைக்கும் இடத்தைப் பற்றி 1993-இல் சாண்டியா ஆய்வகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 10,000 ஆண்டு கழித்து வருகிறவனுக்கு நம் மொழி எதுவும் தெரியாமல் போகலாம், அவனை எப்படி விரட்டுவது? அதில் வந்த யோசனைகளில் ஒன்று, நிலம் முழுக்கப் பெரிய கல்முட்கள் கோணல்மாணலாக நீட்டிக்கொண்டிருக்கும் காடு. அதை அப்படியே தூக்கி உங்கள் பழைய நூலகத்தைச் சுற்றி நடுங்கள். ஆட்டக்காரர்கள் பார்த்ததும் என்ன சொல்வார்கள் தெரியுமா? "உள்ளே புதையல் இருக்குடா!"

120 ஆண்டு வேண்டாம், 60 ஆக்குங்கள். 120 என்றால் பார்த்த கண் ஒன்றும் மிச்சமில்லை. 60 என்றால் ஐந்து வயதில் பாதி அரிச்சுவடி கற்றுக்கொண்ட பாட்டி ஒருத்தி இன்னும் இருப்பாள். அவள் கை தானாகக் காற்றில் எதையோ வரையும்.

தூங்காநரி:

நான் இதுக்கு நேர்வழி ஒண்ணு சொல்றேன். ஆட்டக்காரங்க கையில இருக்கிற நோட்டையும் பேனாவையும் புடுங்குங்க. அவங்க கதாபாத்திரம் எழுத முடியாதுன்னா அவங்களும் எழுதக் கூடாது. இழந்ததை அப்பதான் உணருவாங்க.

ஆனா ஒரு எச்சரிக்கை. நான் ஒருதரம் இதே மாதிரி ஊமைத் துறவி மடம் ஒண்ணு வச்சு, மேசையில பேச்சே கூடாதுன்னு விதி போட்டேன். முதல் அரைமணி அருமை. அப்புறம் ஒருத்தர் போனை நோண்ட ஆரம்பிச்சாரு, இன்னொருத்தர் தண்ணி குடிக்கப் போனவர் வரவே இல்ல. அதனால எல்லாத்தையும் தடை பண்ணாதீங்க. மூணு வாரத்துக்கு ஒருமுறை கூடுறவங்களா இருந்தா சத்தியமா எதுவும் ஞாபகம் இருக்காது.

அஞ்சு பேர்ல ஒருத்தரை மட்டும் 'நினைவாள்'னு வையுங்க. அவருக்கு ஒரு கயிறு குடுங்க, நிஜக் கயிறு. இன்கா பேரரசுல கீப்புன்னு முடிச்சுக் கயிறுல கணக்கு வச்சாங்க, முடிச்சு விழுற இடத்தை வச்சு ஒண்ணு, பத்து, நூறுன்னு. உயிர்ப்புள்ளி, அம்பு எண்ணிக்கை, கடன் எல்லாம் அந்தக் கயிறுல போகட்டும். வழி, பேர், சத்தியம் இதெல்லாம் பாட்டா வரணும். அந்தாதி இருக்கே, ஒரு பாட்டு முடியுற சொல்லுல அடுத்தது ஆரம்பிக்கும், அதுதான் உங்க வரைபடம். கறுத்த பாறையில முடிஞ்சா அடுத்த அடி பாறையில ஆரம்பிக்கும். நடுவுல ஒரு சொல் மறந்துட்டா நடுக்காடுதான்.

விதித்தாளை மட்டும் விட்டுடுங்க. அது மேசைக்கு வெளியில இருக்கிற பொருள். அதையும் எரிக்கக் கேட்டா ஒரு பயலும் அடுத்த வாரம் வர மாட்டான்.

நாலாம்பகடை:

தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு செஷன் நடத்திப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

60 ஆண்டாக்கிவிட்டேன். பாட்டியையும் வைத்துக்கொண்டேன். ஆட்டக்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டே அலைகிறார்கள், விட்டுவிட்டு ஓரிடமும் போக மாட்டேன் என்கிறார்கள். கம்பளிக் கூட்டத்துக்கு இன்னும் வழி வரவில்லை, ஆனால் அதை யாருக்காகவும் விடுவதாக இல்லை. கல்முள் காட்டை முதல் செஷனில் காட்டினேன். கிளி சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது.

பேனாவைப் பிடுங்குவதில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. எங்கள் ஐவரில் ஒருவர் குறிப்பெடுத்தால்தான் கதையைப் பின்தொடர முடிகிறவர், அவரிடம் கேட்கவே மனம் வரவில்லை. அதனால் கயிற்றை அவர் கையில் கொடுத்து அவரையே நினைவாள் ஆக்கினேன். குறிப்பு எடுக்கலாம், மற்றவர்களுக்குக் காட்டக் கூடாது, முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு வாயால்தான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மேசையில் வாயே திறக்காதவர், இப்போது எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தாத்தாவின் தீக்கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு திருத்தம் மட்டும்: எழுதுகிறவருக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரிதோ தீயும் அவ்வளவு பெரிது. ஊர் பேர் தெரியாதவன் பெயரை எழுதினால் புகை மட்டும்தான் வரும்.

குச்சிக்காரர் மறுபடி குச்சியை எடுத்தார். நான் மழையை வரவழைக்கவில்லை. அவர் கதாபாத்திரத்தின் பெயர் மூன்றெழுத்து, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். முதல் எழுத்துக்கு மண் சூடானது. இரண்டாவதுக்குக் குச்சியின் நுனி சிவந்தது. "பகடையை உருட்டவா?" என்று கேட்டார். வேண்டாம், எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் குச்சியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டுக் கீழே வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை மூன்றாவதை எழுதப்போவதாகக் குழுவில் செய்தி போட்டிருக்கிறார். தன் பெயர் ஒருவருக்கு எவ்வளவு பெரிது என்பதற்கு எத்தனை பகடை கொடுப்பது என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

டி20 தாத்தா:

பகடையை நீங்கள் எடுக்காதீர்கள். எத்தனை என்று அவரையே கேளுங்கள், அவர் சொல்கிற எண்ணையே உருட்டக் கொடுங்கள். பாட்டியைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.