ஜூன் வருகிறது: ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பியபோது பட்டுத் தெரிந்துகொண்டவை

இழையைத் தொடங்கியவர், ஈரோடு

போன வருடம் ஜூனில் மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். முதல் நாள் மாலை டிபன் பாக்ஸைத் திறந்தால் காலையில் வைத்த எலுமிச்சை சாதம் அப்படியே இருக்கிறது. ஏன்டி சாப்பிடலை என்றால் பதில் இல்லை. புது இடம், பயந்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாளும் அதே கதை; அன்றைக்குக் கொஞ்சம் திட்டியும் விட்டேன். மூன்றாம் நாள் இரவு படுக்கும்போதுதான் சொன்னாள்: "திறக்க முடியலம்மா."

நாலு பக்கமும் கிளிப் போட்ட டப்பா அது. குழம்பு சிந்தாது என்று நானே தேடித் தேடி வாங்கியது. மூடிக்குள் ரப்பர் வளையம் வேறு. சாதத்தைச் சூடாக வைத்து மூடினால் ஆறியதும் மூடி உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. எனக்கே ஸ்பூன் காம்பை விட்டு நெம்ப வேண்டியிருந்தது. மிஸ்ஸிடம் கேட்க அவளுக்கு வெட்கம். மறுநாளே வீட்டிலிருந்த பழைய எவர்சில்வர் டப்பாவுக்கு மாறினோம், சாதத்தையும் ஆறவிட்டுத்தான் மூடினேன். அன்று டப்பா காலி.

இந்த வருடம் சின்னவன் போகிறான். நோட்டுக்கு அட்டை போடுவது, பெயர் ஒட்டுவது எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அடிபட்டுத் தெரிந்துகொண்டது ஏதாவது இருந்தால் சொல்லுங்களேன்.

இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, திருச்சி

அக்கா, எங்களுக்கு டப்பா இல்லை, டாய்லெட். வீட்டில் வெஸ்டர்ன்தான். பள்ளியில் இருப்பதோ குத்துக்காலிட்டு உட்காரும் இந்தியன் வகை. பெண் எப்படியோ சமாளித்துவிட்டாள். பையன் காலை எட்டு மணிக்குப் போய் நாலரைக்கு வீடு வரும்வரை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். தண்ணீர் பாட்டில் தினமும் நிரம்பியபடியே திரும்பி வந்தது. குடித்தால் போக வேண்டுமே, அதனால் குடிப்பதில்லை! மூன்றாவது வாரம் காய்ச்சல், ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல். சிறுநீரில் கிருமித் தொற்று என்றார் டாக்டர்.

2025-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்க ஆரம்பித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் வீட்டுப் பிரச்சினை தண்ணீரில் தொடங்கவில்லையே. அடுத்த மே மாதம் ஊரில் பாட்டி வீட்டுக்குப் போனபோது பத்து நாள் பழக்கினோம். உட்காருவது, கழுவுவது, தண்ணீர் ஊற்றுவது, கை கழுவுவது, எல்லாம் தானாக.

இன்னொன்று, யூனிஃபார்ம் கால்சட்டையின் கொக்கி. அவசரத்தில் அந்தப் பிஞ்சு விரல்களால் அதைக் கழற்ற முடியாது. அதற்கு மேல் பெல்ட். தையல்காரரிடம் சொல்லி இடுப்பில் எலாஸ்டிக் வைத்துவிட்டோம். பள்ளியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு அப்பா, தாம்பரம்

பையை எடை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். 4 கிலோ 300 கிராம். பெண்ணின் எடையே 20 கிலோ. மத்திய அரசு 2020-ல் வெளியிட்ட பள்ளிப் பை கொள்கை, பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அதாவது இவளுக்கு 2 கிலோ.

பள்ளி மேல் கோபத்தோடுதான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஆனால் பாதிச் சுமை நாங்கள் ஏற்றியது. பொம்மை ஒட்டிய பை வெறுமையாகவே 900 கிராம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அது ஒரு கிலோவுக்கு மேல். வகுப்புக்கு வெளியே குடிநீர்க் குழாய் இருக்கிறது, அரை லிட்டர் பாட்டில் போதும். அப்புறம் டைம்டேபிளைப் பார்க்காமல் "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லா நோட்டையும் வைத்தது நான்தான். இப்போது இரவு அவளே டைம்டேபிள் பார்த்து எடுத்து வைக்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். 2 கிலோ 400-க்கு வந்திருக்கிறோம். மீதி 400-க்குப் பள்ளியோடு பேச வேண்டும்.

சக்கரம் வைத்த பையும் ஒரு வருடம் வாங்கிப் பார்த்தோம். வகுப்பு இரண்டாவது மாடி. அவ்வளவுதான் சொல்வேன்.

பெயர் வேண்டாம்

பேன். ஜூலைக்குள் வந்துவிடும். வந்தது தெரிந்தால் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் அம்மாவுக்கும் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்து மூன்று முறை சீப்பு போட்டவள் நான். ஒவ்வொரு முறையும் அங்கிருந்து திரும்பி வந்தது.

அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம் பக்கம்

இந்தப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சொல்கிறேன். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. அடுத்த வருடம் எங்களைப் போன்ற எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆனாலும் ஜூன் மாதம் சில அம்மாக்கள் பிள்ளைக்கு நாலு இட்லி ஊட்டிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். இங்கே உப்புமாவோ பொங்கலோ தட்டில் வைத்தால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அதையும் சாப்பிட்டுவிடும். பத்து மணிக்கு வாந்தி. பள்ளியில் சாப்பிடுமா, வீட்டிலா என்று முதல் நாளே முடிவு செய்து எங்களிடமும் சொல்லிவிடுங்கள்.

முதல் வாரம் பதினொரு மணிக்கு வகுப்பில் பாதிப் பேர் தூங்கி விழுவார்கள். மே முழுக்க நள்ளிரவு வரை டிவி பார்த்தவர்கள், பாவம் அவர்கள் என்ன செய்வார்கள். கடைசிப் பத்து நாளாவது கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டிப் படுக்க வையுங்கள்.

ஆதார். 5 வயது முடிந்ததும் கைரேகையும் கண் பதிவும் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். 5 முதல் 7 வயதுக்குள் முதல் முறை செய்தால் கட்டணம் கிடையாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து என்று இருந்தால் சேர்க்கும்போதே சரி பார்த்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும்போது அலைபவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

வாசலில் அழும் பிள்ளையை விட்டுவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும் அப்பாக்களே, தயவுசெய்து போய்விடுங்கள். உங்கள் தலை மறைந்த ஐந்தாவது நிமிடம் அழுகை நிற்கும். தலை தெரிந்தால் மறுபடி ஆரம்பம்.

மதுரை அம்மா

டீச்சர் எழுதியதைப் படித்ததும் எனக்கு என் மகனின் கண் ஞாபகம் வந்தது. மூன்றாம் வகுப்பு வரை அவனைச் சோம்பேறி என்றே நினைத்தேன். போர்டில் இருப்பதைப் பாதிதான் எழுதி வருவான், அதுவும் தப்பும் தவறுமாக. எத்தனை நாள் ஸ்கேலால் மேசையைத் தட்டியிருக்கிறேன். பள்ளிக்கு வந்த கண் பரிசோதனைக் குழுதான் எழுதி அனுப்பியது. மருத்துவமனையில் பார்த்தால் இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்றரைக்கு மேல். கண்ணாடி போட்டு வெளியே வந்தவன் எதிர்ப் பக்கக் கட்டடத்தைக் காட்டி, "அம்மா, அந்த போர்டுல எழுத்து இருக்கு" என்றான். அன்று வீடு வரைக்கும் நான் ஒன்றும் பேசவில்லை. சின்னவளுக்கு ஒன்றாம் வகுப்பு சேர்க்கும் முன்பே காட்டிவிட்டேன்.

ஒரு அப்பா, தாம்பரம்

டீச்சர், ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். மன்னிக்கவும்.

போன் நம்பர் பற்றி ஒன்று. பெண்ணுக்கு என் நம்பரைப் பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தோம். ஒரு நாள் வேன் மாறி ஏறிவிட்டாள். எல்லா வேனும் மஞ்சள்தானே. டிரைவர் அண்ணன் நம்பர் கேட்டதும் அழாமல் பாடியிருக்கிறாள். என்ன, நான் சிம் மாற்றி நாலு மாதம் ஆகியிருந்தது. நல்லவேளை, ஐடி கார்டில் அவள் அம்மா நம்பர் இருந்தது.

இழையைத் தொடங்கியவர், ஈரோடு

எல்லாருக்கும் நன்றி. டாய்லெட் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. சின்னவனை ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன்.

நேற்று ஹாலில் பாய் விரித்து ஒத்திகை பார்த்தோம். ஷூ, பை, தண்ணீர் பாட்டில், எவர்சில்வர் டப்பாவில் பொடி தடவிய இரண்டு இட்லி. அக்காதான் டீச்சர். மணி அடித்தாள், அவன் டப்பாவைத் திறந்தான், ஒன்றரை இட்லி சாப்பிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்ப மூடத்தான் அவனுக்கு இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது. பையைத் தலைகீழாகத் தட்டி உலுக்கியும் இட்லிப் பொடி வாசனை போகவில்லை.