ஊர் மாறி வேலை மாறி எல்லாம் மாறினப்புறம் விசுவாசம் உங்ககிட்ட எப்படி நின்னுச்சு? நடந்ததைச் சொல்லுங்க

பாளைக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். பெங்களூரு வந்து மூணு வருஷமா சர்ச் பக்கமே ஒழுங்கா போகல, சண்டை ஒண்ணும் இல்ல, சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கும், விடியக்காலைல வந்து படுத்தா எந்திரிக்கும்போது ஆராதனை முடிஞ்சு பிரியாணி நேரம் ஆயிரும். ஆனா லெந்து நாள்ல, அதான் ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாள்ல மட்டும் கறி மீன் தொட மாட்டேன், சின்ன வயசுப் பழக்கம், விட முடியல.

2019ல கேண்டீன்ல பக்கத்துல உக்கார்ற ஜெயின் பையன் இதைக் கவனிச்சுட்டான். நீங்கல்லாம் எல்லாம் சாப்பிடுவீங்களே, என்ன ஆச்சுன்னு கேட்டான். நான் பெருமையா, இயேசு வனாந்தரத்துல 40 நாள் உபவாசம் இருந்தாரு, அதான் நாங்களும் சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும் 40 நாள்னு சொன்னேன். அவங்க வீட்ல உபவாசம்னா வெறும் சுடுதண்ணிதான், கணக்கு ரொம்ப கரெக்டா இருக்கும் போல. உடனே போன்ல கேலண்டரை எடுத்து மார்ச் 6ல இருந்து ஏப்ரல் 20 வரைக்கும் விரல் வெச்சு எண்ணிட்டு, ப்ரோ 46 வருதேன்னான்.

எனக்குத் தெரியல. சண்டே ஸ்கூல்ல பிரைஸ் வாங்கின ஆளு நான், முழிச்சேன். ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். "எய்யா, ஞாயித்துக்கிழமை அவரு உயிர்த்தெழுந்த நாளுல்லா, அன்னைக்கு என்ன உபவாசம், நடுவுல வர்ற ஆறு ஞாயித்தையும் கழி"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "ஞாயித்துக்கிழமையே இல்லாதவனுக்கு 46தான் வரும்"னாங்க. நான் சர்ச்சுக்குப் போகலன்னு அவங்ககிட்ட யாரும் சொல்லல, நானும் சொன்னதில்ல.

அடுத்த வாரம் தமிழ் ஆராதனை எங்க நடக்குன்னு விசாரிச்சுப் போனேன். இன்னும் எல்லா வாரமும் போறேன்னு பொய் சொல்ல மாட்டேன்.

கடலோரப் பொண்ணு:
உங்களது சிரிப்பு வர்ற கதை, என்னோடது அப்படி இல்ல. நாங்க குமரி மாவட்டத்து மேற்கு கடற்கரை, ஆர்சி, அதாவது ரோமன் கத்தோலிக்கர். 2017 நவம்பர் 30 ஓகி புயல் அடிச்சப்போ எங்க மாமா ஆழ்கடல்ல இருந்தாங்க, தங்கல் போட்டு போனா வாரக்கணக்குல ஆகும், கரையில எச்சரிக்கை சொல்லும்போது அவங்க போன் எட்டாத தூரத்துல. எங்க போட் திரும்பி வரல. பக்கத்து வீட்டுப் போட் லட்சத்தீவுல ஒதுங்கி உயிரோட வந்தாங்க, அவங்க வீட்ல "கடவுள் காப்பாத்திட்டாரு"ன்னு சாட்சி சொல்றத கேக்கும்போது எனக்கு அப்படியே எரியும், அப்போ எங்க மாமாவை யாரு விட்டதுன்னு. காணாமப் போனவங்களைத் தேடச் சொல்லி குழித்துறையில ரயிலை மறிச்சு உக்காந்த கூட்டத்துல நானும் இருந்தேன், பாதர்மாரும் எங்ககூட தண்டவாளத்துல உக்காந்தாங்க, அது மட்டும்தான் அந்த நாள்ல எனக்கு சர்ச்சு மாதிரி இருந்துச்சு. அந்த கிறிஸ்மஸுக்கு எங்க வீட்ல ஸ்டார் கட்டல.

அத்தை மட்டும் தினமும் ராத்திரி ஜெபமாலை சொல்லுவாங்க. எப்படித்த முடியுதுன்னு ஒரு நாள் கோவமா கேட்டேன். "எனக்கு வேற யாருகிட்ட சண்டை போடத் தெரியும்"னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. ஒரு வருஷம் கிட்ட ஆச்சு எனக்கு, அப்புறம் ஒரு ராத்திரி அத்தைக்கு தொண்டை கட்டியிருந்துச்சு, ஜெபமாலையில பத்து மணிகூட உருட்டி முடிக்க முடியல, மிச்சத்தை நான் சொன்னேன். கோவம் போயிடுச்சான்னு கேக்காதீங்க.

ரெண்டு பைபிள் வீடு:
அக்கா, படிச்சுட்டு என்ன எழுதன்னு தெரியல. அத்தைக்கு என் ஸ்தோத்திரம்.

நம்மளது சின்ன மேட்டர். நான் சிஎஸ்ஐ, தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்; வீட்டுக்காரி ஆர்சி, கல்யாணத்துக்கு ரெண்டு பக்கமும் பெரிய சண்டை. இப்போ வீட்ல ரெண்டு பைபிள். நான் பழைய மொழிபெயர்ப்பு, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்". அவ 1995ல வந்த திருவிவிலியம், "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை". பத்துக் கட்டளையோட நம்பர்கூட ரெண்டு சபைக்கும் ஒண்ணு போல இல்ல பாத்துக்கோங்க, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு எவ்ளோ கஷ்டம். ராத்திரி குடும்ப ஜெபத்துல யாரு வாசிக்கிறதுன்னே மூஞ்சியத் தூக்கிக்குவோம். போன மாசம் ஆறு வயசு மக கண்ண மூடிக்கிட்டு, "கர்த்தரே என் ஆயர், எனக்கு ஏதும் தாழ்ச்சியில்ல"ன்னு கடகடன்னு சொல்லுதா. நாங்க ரெண்டு பேரும் திருத்த வாயத் தொறந்தோம், ஒருத்தர ஒருத்தர் பாத்தோம், விட்டுட்டோம். இப்போ அதுதான் எங்க வீட்டு மொழிபெயர்ப்பு.

கோயில்பிள்ளை மகன்:
எங்க அப்பா தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் ஒரு கிராமத்துல கோயில்பிள்ளை, சர்ச்சுல மணி அடிக்கிறதுதான் வேலை. 2020 ஏப்ரல் 12 ஈஸ்டர், ஊரடங்கு, கோயில்ல ஒரு ஆள் கிடையாது. ஐயர், எங்க பக்கம் பாஸ்டரை அப்படித்தான் சொல்லுவோம், போன்ல ஜெபம் பண்ணி அனுப்பியிருந்தாரு. அப்பா வழக்கம்போல காலைல நாலு மணிக்குப் போயி மணி அடிச்சாங்க, நான் வாசல்ல நின்னு போலீஸ் வருதான்னு பாத்துட்டு இருந்தேன். தெருவுல ஒவ்வொரு வீடா நடை லைட்டு எரிய ஆரம்பிச்சுது, எங்கிட்டோ ஒரு பாட்டி ஞானப்பாட்டு எடுத்தாங்க, அடுத்த வீட்ல சேந்துக்கிட்டாங்க, ராகம் தெருவுக்கு ஒண்ணா போச்சு. அப்பா கோயிலுக்குள்ள இருந்ததால அவங்களுக்கு அது கேக்கல. வெளிய வந்து, "ஒருத்தரும் எந்திரிக்கலயோ"ன்னு கேட்டாங்க.

இப்போ யூடியூப் லைவ் வந்தப்புறம் படுக்கையிலயே ஆராதனை பாக்குற ஆளுங்க எங்க ஊர்லயும் உண்டு, அப்பாவுக்கு அதுல வருத்தம்தான். மணி மட்டும் நாலு மணிக்கே.

பாளைக்காரன்:
கடலோர அக்காவுக்கு, உங்க அத்தை சொன்னதை அம்மாகிட்ட போன்ல சொன்னேன். பைபிள்ல சங்கீத புத்தகத்துல பாதி அந்த சண்டைதானேன்னாங்க.

அந்த ஜெயின் பையன் இப்போ வேற கம்பெனி. ஆனா வருஷா வருஷம் சாம்பல் புதன் அன்னைக்கு மெசேஜ் வரும்: "ப்ரோ, ஆறு கழிச்சியா?"