‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’: ஸ்டீவன்ஸ் பொய் சொல்கிறாரா, மறந்துபோகிறாரா?

பின்பனி கேட்டது:

1989இல் வெளிவந்து அதே ஆண்டில் புக்கர் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோவின் இந்த நாவலை அண்மையில் படித்து முடித்தேன். டார்லிங்டன் மாளிகையின் தலைமை பட்லரான ஸ்டீவன்ஸ், 1956 ஜூலையில் இங்கிலாந்தின் மேற்குப் பகுதிக்குக் காரில் செல்லும்போது, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தை நினைவிலிருந்து எழுதிக்கொண்டே போகிறார். நாஜிகளுக்கு அனுசரணையாக இருந்த தம் எஜமானர் டார்லிங்டன் பிரபுவைப் பற்றிப் பூசி மெழுகுகிறார். வழியில் சந்தித்த ஒருவரிடம், அந்தப் பிரபுவிடம் தாம் வேலை பார்த்ததே இல்லை என்றும் சொல்லிவிடுகிறார். கதை முழுவதும் இவர் ஒருவரின் கூற்றாகவே இருக்கும்போது, இவர் சொல்வது பொய்யா மறதியா என்பதை வாசகர் எதை வைத்து முடிவு செய்வது?

நூலகவாசி:

மற்றவர்களின் பேச்சை வைத்துத்தான். டார்லிங்டன் மாளிகையில் நடக்கும் 1923 மாநாட்டு இரவை நினைத்துப் பாருங்கள். மாடியில் தந்தை உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, கீழே ஸ்டீவன்ஸ் விருந்தினர்களுக்கு மது பரிமாறுகிறார். தாம் அழுததாக அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால், அழுவதுபோல் தெரிகிறதே என்று டார்லிங்டன் பிரபு கேட்பதையும், தாம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக் களைப்பைக் காரணம் காட்டியதையும் எழுதுகிறார். தம்மைப் பற்றித் தாமே சொல்லத் துணியாததைப் பிறர் வாய்ச்சொல்லாகப் பதிவு செய்துவிடுகிறார். பொய் சொல்பவர் அந்தக் கேள்வியையே விட்டிருப்பார் என்பது என் எண்ணம்.

தாழ்வாரம்:

நூலகவாசி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இந்த நாவலின் உயிர், ஸ்டீவன்ஸ் தம் நினைவைத் தாமே திருத்திக்கொள்ளும் இடங்களில்தான் இருக்கிறது. மாளிகையின் தலைமைப் பணிப்பெண்ணான மிஸ் கென்டனின் அறைக் கதவுக்கு வெளியே நின்றபடி, உள்ளே அவர் அழுதுகொண்டிருக்கக்கூடும் என்று எண்ணிய ஒரு கணம் ஸ்டீவன்ஸின் மனத்தில் தங்கியிருக்கிறது. முதலில் அதை, கென்டனின் அத்தை இறந்த செய்தி வந்த நாளோடு சேர்த்துச் சொல்கிறார். பிறகு, அது அந்த நாளாக இருக்க முடியாது, சில மாதங்கள் கழிந்த வேறோர் இரவாக இருக்க வேண்டும் என்கிறார். அது எந்த இரவு? இன்னொருவரை மணக்கச் சம்மதித்துவிட்டதாகக் கென்டன் வந்து சொல்ல, ஸ்டீவன்ஸ் வாழ்த்து மட்டும் கூறிவிட்டுக் கடமையைப் பார்க்கப் போன இரவு.

கண்ணீரை அவர் மறக்கவில்லை. அதன் காரணத்தைத்தான் இடம் மாற்றிவிட்டார். அத்தையின் சாவுக்கு அவர் பொறுப்பாளி அல்லர்; அந்த இரவின் அழுகைக்கு அவரே பொறுப்பாளி. நினைவு பிசகும்போது அந்தப் பிசகு யாருக்கு ஆறுதல் தருகிறது என்று பார்ப்பது, பொய்யா மறதியா என்று பிரிக்க முயல்வதைவிடப் பயன்தரும் என்று நம்புகிறேன். அதைத் திருத்துபவரும் அவரேதான் என்பதால், அவரை வெறும் ஏமாற்றுக்காரர் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

பின்பனி:

நன்றி. அப்படியானால், தன்னைக் காக்கும் நினைவு எப்போதும் இப்படித் திருத்தப்பட்டுவிடும் என்று கொள்ளலாமா?

கல்மண்டபம்:

கொள்ள முடியாது. பயண நாட்களின் பெயரில் அத்தியாயங்கள் அமைந்த இந்த நாவலிலேயே ஐந்தாம் நாளுக்கென்று ஓர் அத்தியாயம் இல்லை. நான்காம் நாள் பிற்பகலில் கென்டனைச் சந்திக்கக் காத்திருக்கும் ஸ்டீவன்ஸ், ஆறாம் நாள் மாலையில் வேமவுத் கடற்கரையில்தான் மறுபடி எழுதுகிறார். தம் நெஞ்சு உடைந்ததை ஒப்புக்கொள்ள அவருக்கு அத்தனை இடைவெளி தேவைப்பட்டது.

இதே எழுத்தாளரின் முதல் நாவலான ‘எ பேல் வியூ ஆஃப் ஹில்ஸ்’ (1982) இன்னும் கடுமையானது. இங்கிலாந்தில் வாழும் எட்சுகோ, தற்கொலை செய்துகொண்ட தன் மூத்த மகள் கெய்க்கோவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நாகசாகியில் பழகிய சச்சிகோ என்ற பெண்ணையும் அவளுடைய சிறுமி மரிக்கோவையும் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவர்களோடு மலைக்குச் சென்ற ஒரு நாளை இறுதி அத்தியாயத்தில் இளைய மகளிடம் குறிப்பிடும்போது, அன்று கெய்க்கோ மகிழ்ச்சியாக இருந்தாள் என்கிறாள். கெய்க்கோ அப்போது பிறக்கவே இல்லை. ஸ்டீவன்ஸைப் போல எட்சுகோ திரும்பி வந்து எதையும் திருத்துவதில்லை. அந்த ஒரு பெயருக்குப் பிறகு, சச்சிகோவின் கதை என்று நாம் படித்ததில் எவ்வளவு எட்சுகோவின் சொந்தக் கதை என்பதை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் படித்துத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.