மழையே இல்லை, ஃபால்ஸ் சீலிங்கில் ஈரம். கிளாஸ் வூல்தான் காரணமா?

மாடிவீட்டுக்காரன்:
வணக்கம். அவனியாபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் 12க்கு 14 அடியில் ஒரு ஷீட் ரூம். மேலே கலர் ஷீட், நடுவில் வெக்கையைத் தடுக்க 50 மி.மீ. கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு), கீழே ஜிப்சம் சீலிங். அக்னி நட்சத்திரத்தில்கூட மதியம் ஃபேனை மட்டும் போட்டுப் படுக்க முடிந்தது. ஆடியில் ஏசி வைத்தோம். இப்போது ஐப்பசி. பத்து நாளாகச் சொட்டு மழை இல்லை, ஆனால் சீலிங்கில் டீக்கறை மாதிரி வட்ட வட்டமாக மஞ்சள். விரலால் அமுக்கினால் நமத்த அப்பளம் போல உள்ளே போகிறது. ஷீட் போட்டவர் ஏசிக்காரரைக் கைகாட்டுகிறார், அவர் இவரை. அம்மாவோ, "அந்தப் பஞ்சுதான்டா தண்ணியைக் குடிக்குது" என்கிறார்.

திருமங்கலம் சிவில்:
தம்பி, ஏசி எத்தனை டிகிரியில் ஓடுகிறது? வூலில் ஒரு பக்கம் அலுமினியம் ஃபாயில் இருக்குமே, அது ஷீட்டைப் பார்க்கிறதா, அறையைப் பார்க்கிறதா?

மாடிவீட்டுக்காரன்:
18 அண்ணே. ஏற்றி வைத்தால் பையன்கள் மறுபடி இறக்கிவிடுகிறார்கள். ஃபாயில் அறையைப் பார்த்துத்தான். ஒரு வெளிநாட்டு வீடியோவைக் காட்டி நானே அப்படி வைக்கச் சொன்னேன்.

திருமங்கலம் சிவில்:
சரி, பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். பனி கொட்டுகிற ஊரில் வீட்டுக்குள்தான் வெக்கையும் ஈரமும். ஈரம் வெளியே போகப் பார்க்கும், அதைத் தடுக்க ஃபாயிலை உள்பக்கம் வைப்பார்கள். நமக்கு அப்படியே தலைகீழ். 30 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் தண்ணீராகிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதில்லையா, அதேதான். 18-ல் ஓடும் அறைக்கு மேலே உங்கள் ஃபாயில் அந்தச் சொம்பு மாதிரி கிடக்கிறது. காற்றுக்குக் கிளாஸ் வூல் ஒரு தடையே இல்லை. வெளியே உள்ள ஈரக்காற்று அதற்குள் புகுந்து, ஃபாயிலில் தண்ணீராகி, ஃபாயில் இணைப்பு வழியாகச் சொட்டுகிறது. அதனால்தான் கறை வட்டமாக விழுகிறது.

ஆனாலும் என்னை நம்பி எதையும் பிரிக்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு, லைட் ஓட்டை வழியாகக் கையை விட்டுப் பாருங்கள். வூலின் மேல்பக்கம் நனைந்திருந்தால் ஷீட்டில் போல்ட் ஓட்டை ஒழுகுகிறது. மேலே காய்ந்து அடியில் மட்டும் ஈரம் என்றால் நான் சொன்னதுதான். ஏசி பக்கம் மட்டும் ஈரம் என்றால் ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயைப் பாருங்கள்.

மேலூர் அக்கா:
வெறுங்கையை விட்டுவிடாதீர்கள்! கிளவுஸ், முழுக்கைச் சட்டை, மாஸ்க் மூன்றும் வேண்டும். நான் ஒருமுறை சேலையோடு போய்த் தொட்டுவிட்டு இரண்டு நாள் சொறிந்துகொண்டிருந்தேன். அரித்தால் தேய்க்கக் கூடாது, பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள்.

மாடிவீட்டுக்காரன்:
பார்த்துவிட்டேன். மேல்பக்கம் மொறுமொறுவென்று காய்ந்திருக்கிறது, அடியில் ஃபாயிலின் மேல் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அம்மாவிடம் பஞ்சு குற்றவாளி இல்லை என்று சொல்லியாயிற்று. இனி மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதானா?

திருமங்கலம் சிவில்:
வேண்டாம். வெயிலில் காயவைத்துப் பாருங்கள். தடிமன் குறையாமல் உப்பலாக இருப்பதைத் திரும்பப் போடலாம். சப்பையாகிவிட்டதைத் தூக்கி எறியுங்கள், தடிமன் போனால் வேலையும் போயிற்று. அதனால் புதிதாக வாங்கியதையும் அழுத்தித் திணிக்கக் கூடாது. இந்த முறை ஃபாயில் ஷீட்டைப் பார்க்கட்டும். இணைப்பு எல்லாவற்றுக்கும் அலுமினியம் டேப் ஒட்டுங்கள், ஒரு விரல் இடைவெளிகூட விடக் கூடாது. ஃபாயிலுக்கும் ஷீட்டுக்கும் நடுவே ஓர் அங்குலம் காலியாக இருக்கட்டும், அப்போதுதான் அந்தப் பளபளப்பு வெக்கையைத் திருப்பும். நமத்த போர்டை மாற்றிவிடுங்கள். ஏசி 25. பையன்களிடம் ரிமோட்டைக் கொடுக்காதீர்கள்.

மாடிவீட்டுக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே. மூலையில் ஒரு துண்டைப் பிரித்தபோது உள்ளே அணில் கூடு, மூன்று குட்டிகள். ஷீட்டின் மடிப்பு வாய் வழியாக வந்திருக்கிறது. சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாமா?

மேலூர் அக்கா:
குட்டி வெளியேறும் வரை அந்த மூலையைத் தொடாதீர்கள் தம்பி. அப்புறமும் சிமெண்ட் வேண்டாம், கம்பி வலை அடியுங்கள். மேலே இருக்கும் வெக்கை வெளியே போக வழி வேண்டுமே.